தில்லை அரிய மரமா?

சிதம்பரத்துக்குத் தில்லை என்றொரு பெயர் உண்டு. அந்தப் பெயரைக் கொடுத்தது ஒரு மரம். ஆனால் நான்கு வீதியையும் சுற்றி வந்தாலும் அந்த மரம் கண்ணில் படுவதில்லை. பார்க்க வேண்டுமானால் கிழக்கே பிச்சாவரம் பக்கம் போக வேண்டும்.

சென்ற ஆண்டு என் அக்காள் மகளை அங்கே அழைத்துப் போயிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். சுரபுன்னை என்னும் அலையாத்தி மரங்களின் வேர்கள் இருபுறமும் வளைந்து நின்ற ஓடையில் படகு போய்க்கொண்டிருந்தபோது, படகுக்காரர் துடுப்பை நீட்டிக் காட்டினார். "அதுதான் தில்லை. கிட்டே போகாதே பாப்பா, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்" என்றார். இவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கரை ஏறியதும் கேட்டாள்: "மாமா, ஊருக்கே இந்த மரத்தின் பெயர். ஊரில் ஒன்றுகூடக் காணோம். அப்படியானால் உலகத்திலேயே அரிய மரம் இதுதானா?"

இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்று அவள் கேட்டபோதுதான், ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் அல்ல என்பது புரிந்தது. அவளுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

தில்லை இந்தியக் கடற்கரையில் மட்டும் வளர்வதில்லை. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியாவின் வடக்கு, பசிபிக் தீவுகள் வரை ஓதநீர் ஏறி இறங்கும் சேற்று நிலங்களில் பரவிக் கிடக்கிறது. உலகக் கணக்கில் அதற்கு இப்போதைக்கு ஆபத்து இல்லை. சிதம்பரத்தில் மட்டும் அரிது. இந்த இரண்டு செய்திகளுமே உண்மை, ஒன்றை ஒன்று மறுக்கவும் இல்லை. ஒரு செடி அரிதா என்று கேட்பவர், எந்த ஊரில், எந்த நாட்டில், எந்தக் காலத்தில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

'உலகின் பத்து அரிய தாவரங்கள்' என்ற தலைப்பில் வரும் பட்டியல்களைப் பார்த்தால் எனக்கு மனம் சங்கடப்படும். சுமத்ராவின் பிணமலர் அதில் தவறாமல் இருக்கும். அது மெய்யாகவே அருகிவரும் செடிதான். ஆனால் பட்டியலில் அதற்கு இடம் கிடைப்பது ஆள் உயரத்துக்கு வளரும் பூவாலும் அதன் நாற்றத்தாலும். குறிஞ்சியையும் சிலர் சேர்த்துவிடுகிறார்கள். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் 12 ஆண்டுக்கு ஒருமுறை, 2006-இல், பிறகு 2018-இல் மலைச்சரிவையே நீலமாக்கிய செடி அது. பூ அரிதாக வருகிறது. பூக்கும்போது ஒரு சரிவிலேயே எண்ணி மாளாத அளவு செடிகள் நிற்கின்றன. பூப்பது அரிது என்பதும் செடியே அரிது என்பதும் வேறு வேறு. குறிஞ்சிக்கு ஆபத்து இருக்கிறது என்றால் அது புல்வெளி சுருங்குவதால் வந்த ஆபத்து. பன்னிரண்டு ஆண்டுக் கணக்குக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்தக் குழப்பத்தைத் தெளிவாக்கியவர் டெபோரா ராபினோவிட்ஸ் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர். 1981-இல் அவர் சொன்னது மூன்றே கேள்விகள். அந்தச் செடி எவ்வளவு பரந்த நிலப்பரப்பில் வளர்கிறது? எந்த மண்ணிலும் வளர்ந்துவிடுமா, இல்லை இன்ன மண், இன்ன நீர் இருந்தால்தான் வருமா? வளரும் இடத்தில் கூட்டமாக நிற்கிறதா, அங்கொன்று இங்கொன்றாக நிற்கிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு விடை என்றால் மொத்தம் எட்டு வகை வரும். பரந்த நிலம், எந்த மண்ணும் சரி, போகுமிடமெல்லாம் கூட்டம் என்ற ஒரு வகைதான் சாதாரணச் செடி. நம் வரப்பில் அருகம்புல்லும் வயலில் கோரையும் அந்த வகை. எஞ்சிய ஏழும் ஏதோ ஒரு விதத்தில் அரியவை.

இந்த அளவுகோலைத் தில்லையின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நிலப்பரப்பு மிகப் பெரிது. எண்ணிக்கையும் குறைவில்லை. ஆனால் மண்ணில் பிடிவாதம்: உப்பும் நன்னீரும் கலக்கும் சேற்று விளிம்பு வேண்டும். அந்த ஏழு அரிய வகைகளில் ஒன்றில் அதுவும் சேரும். ஆகவே என் அக்காள் மகள் கேட்டது முழுத் தவறும் அல்ல. அந்தச் சேறு வயலாகவும் வீதியாகவும் மாறிய இடத்தில் தில்லை நிற்காது. கடலும் ஆறும் சந்திக்கும் இடத்தில் இன்றும் நிற்கிறது.

மூன்று கேள்விகளில் முதலாவது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நம் காவிரி டெல்டா மாவட்டங்களுக்குக் கஜா புயல் காட்டிவிட்டுப் போனது. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த அந்தப் புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. கோடியக்கரைக் காட்டையும் விடவில்லை. முப்பது நாற்பது ஆண்டு வளர்ந்த தோப்புகள் ஒரே இரவில் போயின. குடும்பங்கள் நொடிந்தன. ஆனால் தென்னை என்ற இனத்துக்கு அதனால் ஆபத்து வரவில்லை. கன்று வேண்டுமானால் பொள்ளாச்சி இருக்கிறது, கேரளம் இருக்கிறது, கடல் தாண்டியும் இருக்கிறது. உலகத்தில் தென்னை என்பதே பேராவூரணியில் மட்டும் இருந்திருந்தால்? அன்று இரவோடு அந்த மரத்தின் கதை முடிந்திருக்கும். ஒரே மலைமுகட்டில், ஒரே தீவில், ஒரே பள்ளத்தாக்கில் மட்டும் வாழும் செடிகளுக்கு ஒவ்வொரு புயலும் அப்படித்தான் வருகிறது.

ஆஸ்திரேலியாவில் வாலமை பைன் என்றொரு மரம். சிட்னிக்கு வடமேற்கே ஒரு குறுகிய மலைப்பிளவுக்குள் 1994-இல் கண்டறியப்பட்டது. அதற்கு முன் அதன் நெருங்கிய உறவுகளைப் புதைபடிவங்களில்தான் பார்த்திருந்தார்கள். காட்டில் முதிர்ந்த மரங்கள் நூற்றுக்கும் குறைவு. இடம் இன்றுவரை ரகசியமாக வைக்கப்பட்டிருக்கிறது. வருகிறவரின் செருப்பில் ஒட்டிய மண் வழியே வேரழுகல் கிருமி வந்துவிட்டால், காப்பாற்றுவது மிகக் கடினம். 2019–20 கோடையில் சுற்றியிருந்த காடெல்லாம் எரிந்தபோது, தீயணைப்புப் படையினர் விமானத்திலிருந்து தீத்தடுப்பு மருந்தைத் தூவியும், ஹெலிகாப்டரில் இறங்கி நீர்த்தெளிப்பான் அமைத்தும் அந்தத் தோப்பைக் காத்தார்கள். ஒரு சிறு தோப்புக்காக அவ்வளவு பேர் தீக்குள் இறங்கினார்கள் என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

ராபினோவிட்ஸின் மூன்று கேள்விகளோடு நான் வகுப்பில் நான்காவது ஒன்றையும் சேர்த்துக்கொள்வேன்: அந்தச் செடிக்குப் பிள்ளை பிறக்குமா? உலகின் மிக அரிய செடிகளின் துயரம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள நமக்குப் பாடநூல் வேண்டாம். பனையும் வாழையும் தென்னையும் போதும்.

பனையிலிருந்து தொடங்குகிறேன். ஆண் பனை வேறு, பெண் பனை வேறு என்பது நமக்குத் தெரியும். நுங்குக்காக ஆண் பனையில் யாரும் ஏறுவதில்லை. இப்போது உலகத்தில் இருந்த பனையெல்லாம் அழிந்து, ஒரே ஓர் ஆண் பனை மிஞ்சியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் நூறு ஆண்டு நிற்கலாம், ஆண்டுதோறும் பாளை விடலாம். ஆனால் ஒரு பனங்கொட்டைகூடக் கிடைக்காது.

தென்னாப்பிரிக்காவின் என்செஃபலார்டாஸ் உடி என்ற மரத்துக்கு நேர்ந்தது இதுதான். பார்வைக்குக் குட்டைப் பனை போலிருக்கும் சைகஸ் வகை. பனைக்கு உறவில்லை. டைனோசர் காலத்திலேயே இருந்த தொல்குடி. 1895-இல் டர்பன் தாவரவியல் பூங்காவைக் கவனித்துவந்த ஜான் மெட்லி உட் என்பவர், நட்டால் பகுதியின் ங்கோயே காட்டுச் சரிவில் ஒரே ஒரு புதரைக் கண்டார். நான்கு தண்டுகள் இருந்தன. நான்கும் ஒரே தூரில் கிளைத்தவை. அது ஆண். பக்கக்கன்றுகளைப் பெயர்த்துப் பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். லண்டனை அடுத்த கியூ பூங்காவுக்கு 1899-இல் ஒன்று போய்ச் சேர்ந்தது. காட்டில் கடைசியாக நின்ற தண்டையும் 1916-இல் பெயர்த்து எடுத்துப் போனார்கள். அதன் பிறகு அந்தக் காட்டில் அந்த மரம் இல்லை. பெண் மரம் எங்காவது ஒளிந்திருக்காதா என்று நூறு ஆண்டுகளாகத் தேடுகிறார்கள். அண்மையில் ட்ரோன் பறக்கவிட்டும் தேடினார்கள்.

இன்று பல நாட்டுப் பூங்காக்களில் உடி மரம் நிற்கிறது. அப்படியானால் ஆபத்து நீங்கிவிட்டதா? இங்கேதான் வாழையைக் கொண்டுவர வேண்டும். வாழைக்கு நாம் விதை போடுவதில்லை. பக்கக்கன்றைப் பெயர்த்து நடுகிறோம். அந்தக் கன்று தாயின் பிள்ளை என்று சொல்வதைவிட, தாயே இன்னோர் இடத்தில் நிற்கிறது என்று சொல்வதுதான் பொருத்தம். 'வாழையடி வாழையாக' என்று வாழ்த்துகிறோமே, தாவரவியல் கண்ணால் பார்த்தால் அது ஒரே உயிர் தொடர்ந்து நீள்வது. ரஸ்தாளித் தோட்டத்தில் வாடல் நோய் புகுந்தால் ஒன்றுக்குப் பின் ஒன்றாக எல்லா மரமும் படுத்துவிடுவதற்குக் காரணமும் இதுவே. ஒன்றால் தாங்க முடியாததை எதுவுமே தாங்காது. உலகெங்கும் இருக்கும் உடி மரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மரம். நூறு இடத்தில் நின்றாலும் ஒன்றுதான். மிக நெருங்கிய உறவினமான பெண் மரத்தோடு கலந்து விதை எடுத்திருக்கிறார்கள். அது கலப்புப் பிள்ளையாகத்தான் இருக்கும். எண்ணிக்கை பெருகுவதும் இனம் தழைப்பதும் ஒன்றல்ல என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது இந்த மரம்தான்.

அடுத்தது தென்னை. நெட்டைத் தென்னையில் ஒரே பாளையில் ஆண் பூவும் பெண் பூவும் இருக்கின்றன. ஆனால் ஆண் பூ முந்திக்கொள்ளும். அது உதிர்ந்து முடிந்த பிறகுதான் அந்தப் பாளையின் பெண் பூ பக்குவத்துக்கு வரும். பக்கத்து மரத்தின் மகரந்தம் வந்து காய் பிடிக்கும். தோப்பில் இது சிக்கலே இல்லை. மொரீஷியஸ் தீவின் கியூர்பைப் பூங்காவில் ஒரு பனைவகை மரம் நிற்கிறது. அதற்கும் இதே பழக்கம், ஆனால் பக்கத்து மரம் என்று உலகத்தில் எங்கும் இல்லை. அந்த இனத்தில் அது ஒன்றுதான். ஆண் பூ வரும் சமயத்தில் பெண் பூ இருக்காது, பெண் பூ மலரும்போது ஆண் பூ தீர்ந்திருக்கும். தமிழர் பலர் குடியேறி வாழும் நாடு அது. அங்கிருக்கும் நம்மவர்கள் அந்த மரத்தைப் போய்ப் பார்த்திருப்பார்களா என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

அதே நாட்டைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவில் நடந்த கதை கொஞ்சம் ஆறுதலானது. காஃபே மாரோன் என்பது காப்பிச் செடியின் உறவு, வெள்ளை நட்சத்திரப் பூ. அழிந்தே போயிற்று என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். 1980-ஐ ஒட்டி, பள்ளி ஆசிரியர் ஒருவர் பழைய படமொன்றைக் காட்டித் தீவின் செடிகளைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஒரு மாணவன் அதே செடியைத் தேடிப்பிடித்துக் கிளையோடு வந்தான். ஆசிரியனாக இருக்கிற எனக்கு இந்தச் செய்தி தரும் மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பரிசோதித்தால், இனத்திலேயே மிஞ்சிய ஒற்றைச் செடி. மருந்துக்கு ஆகும் என்று ஊரார் ஒடிக்கத் தொடங்கவே வேலி போட வேண்டியிருந்தது. 1986-இல் கியூ பூங்காவுக்குப் போத்துகள் அனுப்பினார்கள். ஒன்றுதான் வேர் பிடித்தது. பூத்துக்கொண்டே இருந்தது, காய்க்கவே இல்லை. கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்கலைஞர் மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு எண்ணற்ற முறை முயன்று, 2003-இல் விதை பிடிக்க வைத்தார். அந்த வழியில் வந்த செடிகள் பிறகு ரோட்ரிக்ஸுக்கே திரும்பின. நம்மூரில் முருங்கைப் போத்து நட்டுப் பழகியவர்களுக்கு, ஒரு போத்து வேர் விட்டதா இல்லையா என்று காலையில் எழுந்ததும் போய்ப் பார்ப்பதன் தவிப்பு தெரியும். அங்கே அந்தத் தவிப்பு ஓர் இனத்துக்காக.

செடி அரிதாவதற்கு ஆடும் காரணமாகும். நியூசிலாந்துக்கு வடக்கே உள்ள மூவரசர் தீவுகளில், கப்பல் உடைந்து கரையேறுவோருக்கு உணவாகட்டும் என்று முன்னாளில் சில ஆடுகளை விட்டிருந்தார்கள். அவை பெருகின. 1945-இல் ஒரு தாவரவியலாளர் அங்கே போனபோது, ஆட்டுக்கு எட்டாத சரிவில் பென்னான்டியா என்ற மரத்தில் ஒன்றே ஒன்று நின்றது. அடுத்த ஆண்டே ஆடுகளை அகற்றினார்கள். அந்த ஒற்றை மரத்தின் போத்துகளிலிருந்தும், பல ஆண்டுப் பாடுபட்டு எடுத்த விதைகளிலிருந்தும் இன்று கன்றுகள் வளர்கின்றன. நம் நிலத்துச் செடிகள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மேய்ச்சலோடு பழகியவை. ஆடு தொடாத இலை என்பதாலேயே ஆடாதொடை என்று ஒரு செடிக்குப் பெயரிட்டிருக்கிறோம். வேலியோரத்தில் அது எத்தனை செழிப்பாக நிற்கிறது! முள்ளும் கசப்பும் வளர்த்துக்கொள்ளத் தேவையே இல்லாத தீவில் பிறந்த மரத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

டெல்டாக்காரர்கள் கேட்டால் உடனே புரிந்துகொள்ளும் கதை இன்னொன்று இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ருவாண்டா நாட்டில், பூமிக்கடியிலிருந்து வெந்நீர் ஊறும் ஓர் ஊற்று. அந்த நீர் வழிந்தோடி ஆறிய ஈரச் சேற்றில் ஓர் அல்லி வளர்ந்தது. நம் குளத்து அல்லி இலை கையகலம் இருக்கும். இதன் இலையோ ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அளவிலும் வரும். உலகிலேயே சிறிய அல்லி இதுதான். 1987-இல் எபர்ஹார்ட் ஃபிஷர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் கண்டறிந்தார். பிறகு ஊற்று நீரை மனிதர்கள் வேறு தேவைக்கு எடுத்துக்கொண்டார்கள். வழிந்தோடும் நீர் நின்றது, சேறு காய்ந்தது, 2008-ஐ ஒட்டி அல்லி அங்கே இல்லாமல் போனது. யாரும் அதை வெட்டவில்லை, நஞ்சு ஊற்றவில்லை. நீரின் போக்கு மாறியது, அவ்வளவுதான். கடைமடைக்கு நீர் வராத ஆண்டில் பயிருக்கு என்ன ஆகும் என்று நமக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

விதைகள் சில பூங்காக்களில் இருந்தன. முளைத்த கன்றுகள் பிழைக்கவில்லை. மற்ற அல்லிகளைப் போலவே இதையும் நீருக்கடியில் வளர்த்துப் பார்த்தார்கள். முன்பு சொன்ன அதே மக்தலேனா, இந்த அல்லி நீருக்குள் வாழ்வதல்ல, சேற்றின் மேல் காற்றுப்பட வாழ்வது என்பதைக் கவனித்தார். நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு அதற்குப் போதவில்லை, காற்றில் இருப்பது வேண்டும். நீர்மட்டத்தை இறக்கினார். 2009-இல் கியூ பூங்காவில் பூத்தது. 2014-இல் அங்கிருந்து ஒரு செடியை யாரோ திருடிக்கொண்டு போனார்கள் என்பதும் நடந்தது. அரிது என்ற பெயரே ஒரு செடிக்கு ஆபத்தாகிவிடும். 2023-இல் அதே ருவாண்டாவில் அந்த அல்லி காட்டுநிலையில் மீண்டும் கண்டறியப்பட்டது என்ற செய்தி வந்த நாளில், நான் வகுப்பை நிறுத்திவிட்டு மாணவர்களுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

பிச்சாவரத்தில் நடந்ததும் நீரின் கதைதான். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் அலையாத்திக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்தது. ஓதத்தில் ஏறிய நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, உப்பு முற்றியது. அந்த உப்பில் அலையாத்திக் கன்றே வரவில்லை. கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதனின் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் வனத்துறையோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டியது. ஓதநீர் ஏறவும் இறங்கவும் வழி கிடைத்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன. வாய்க்கால் தூர் வாரினால் வயல் பிழைக்கும் என்பது நம் பாட்டன் காலத்து அறிவு. காட்டுக்கும் அதுவே பொருந்தியது.

இவ்வளவு சொல்லியும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. உலகின் மிக அரிய செடிகள் என்று நான் சொன்னவை எல்லாம் தீவு, மலைப்பிளவு, ஊற்று. காவிரிப் படுகையில் ஏன் அப்படி ஒன்று இல்லை? ஆறு கொண்டுவந்து கொட்டிய நிலம் என்பதால்தான். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வண்டலோடு விதையும் வருகிறது. கடலிலிருந்து ஓதம் கொண்டுவருகிறது. தடுப்பதற்கு மலையும் இல்லை, பிளவும் இல்லை. ஒரு செடி தனித்து ஒதுங்கி, லட்சக்கணக்கான ஆண்டுகள் தனக்கென்று ஒரு வடிவம் எடுக்க இங்கே மறைவிடம் கிடையாது. சுரபுன்னையின் நீண்ட முளை கடலில் மிதந்து வெகுதூரம் போய் வேர் விடும். அந்த மூன்று கேள்விகளைக் கேட்ட ராபினோவிட்ஸ், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு பனாமா நாட்டில் ஆராய்ந்ததே இதைத்தான்: அலையாத்தி முளைகள் எத்தனை நாள் மிதக்கும், எப்போது வேர் பிடிக்கும் என்று.

ஆனாலும் பிச்சாவரத்தில் ஒன்று இருக்கிறது. 1995-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கதிரேசன் அங்கே ஒரு சுரபுன்னை வகையைக் கண்டு, பல்கலைக்கழகத்தின் பெயராலேயே ரைசோஃபோரா அண்ணாமலயானா என்று பெயரிட்டார். பிறகு வந்த மரபணு ஆய்வுகள், அது அங்கே வளரும் இரண்டு சுரபுன்னை இனங்கள் கலந்து பிறந்த இயற்கைக் கலப்பு என்று காட்டின. அதே கலப்பு வேறு நாட்டு அலையாத்திக் காடுகளிலும் பதிவாகியிருக்கிறது. உலகத்திலேயே பிச்சாவரத்தில் மட்டும் என்ற பெருமை குறைந்துவிட்டதே என்று சிலர் வருந்தினார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. தேடத் தேடத்தான் ஒரு செடி எவ்வளவு அரிது என்பது தெரியும். தேடாத காட்டில் எல்லாமே அரிதாகத்தான் தோன்றும்.

எது எவ்வளவு அரிது என்று உலக அளவில் கணக்கு வைப்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல். 1964-இல் தொடங்கியது. அதில் பல அளவுகோல்கள் உண்டு. தொடக்க வாசகர் ஒன்றை நினைவில் வைத்தால் போதும். இனப்பெருக்க வயதை எட்டிய செடிகள் 50-க்கும் குறைவாக இருந்தால் மிகக் கடும் ஆபத்து, 250-க்கும் குறைவாக இருந்தால் ஆபத்து, 1,000-க்கும் குறைவாக இருந்தால் பாதிப்புக்கு உள்ளாகக்கூடியது. காட்டில் அழிந்து தோட்டத்தில் மட்டும் வாழ்வது என்று தனியாக ஒரு படி இருக்கிறது. உடி மரம் அந்தப் படியில்தான் நிற்கிறது. எண்ணிக்கை அதிகமாக இருந்தும், வேகமாகக் குறைந்துவருவதால் பட்டியலில் ஏறும் செடிகளும் உண்டு.

விதையைச் சேமித்து வைத்துவிட்டால் போதாதா என்று என் அக்காள் மகள் கேட்டாள். நல்ல கேள்வி. இங்கிலாந்தில் கியூ பூங்காவின் விதை வங்கி 2000-இல் திறக்கப்பட்டது. உலகெங்கிலுமிருந்து வந்த விதைகளை உலர்த்தி, உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி குளிரில் வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லா விதையும் உலர்த்துவதற்கு இடம் கொடுக்காது. சுரபுன்னையின் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். சேற்றில் விழும்போது அது விதை அல்ல, கன்று. கன்றை உலர்த்திப் பெட்டியில் வைக்க முடியுமா? அதற்கு வங்கி பிச்சாவரத்துச் சேறுதான். வேறு வழியே இல்லை.

நெல் இதற்கு நேர் எதிர். காய வைத்துக் குதிரில் போடலாம். ஆனால் சாதாரண வீட்டுச் சேமிப்பில் சில ஆண்டுகளில் முளைப்புத்திறன் போய்விடும். விதைத்துக்கொண்டே இருந்தால்தான் ஒரு ரகம் உயிரோடு இருக்கும். செம்பட்டியல் காட்டு இனங்களைத்தான் எண்ணுகிறது. நெல் ஓர் இனம், அது எங்கும் விளைகிறது, கணக்கு முடிந்தது. அந்த இனத்துக்குள் காட்டுயானம் என்றும் பூங்கார் என்றும் உப்பு மண்ணில் விளையும் குழியடிச்சான் என்றும் எத்தனை இருந்தன, எத்தனை போயின என்று அந்தப் பட்டியல் சொல்லாது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரரான நெல் ஜெயராமன் 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைத் தேடி எடுத்தார். ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித்தரச் சொன்னார். 2018 டிசம்பரில் மறைந்தார். வாலமை பைன் கன்றுகளைப் பெருக்கி வீட்டுத் தோட்டங்களுக்கு விற்ற ஆஸ்திரேலியர்கள் செய்ததும் அடிப்படையில் இதே வேலைதான்: அரியதைப் பலர் கையில் கொடுத்துவிடுவது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் ஒரு கேள்வி கேட்டாள். "பனை மாதிரி தில்லையிலும் ஆண், பெண் உண்டா மாமா?" உண்டு. தில்லையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. படகுக்காரர் காட்டிய மரம் எது என்று எனக்கும் தெரியாது. அன்று பூ இல்லை. பூக்கும் பருவத்தில் திரும்பப் போக வேண்டும் என்கிறாள். பால் தெறிக்காமல் இருக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம், படகை மட்டும் கொஞ்சம் கிட்டே விடச் சொல்லுங்கள் என்கிறாள்.